கடலில்லா ஊரில் கடல் உணவின் கிருமிகள்: அருள்புரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரம், பின்னலாடைத் தொழிலாலும் சாயத் தொழிலாலும் வளர்ந்த ஊர். கிழக்கே சென்றாலும் மேற்கே சென்றாலும் கடலைக் காண நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய உள்நாட்டு ஊர். ஆயினும் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பு பற்றவைக்கப்படும்போது, இங்குள்ள வீடுகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் மத்தியும் சங்கராவும் இறாலும் தவறாமல் இடம்பெறுகின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் குடிவந்தோர் கடல்மீனையும், ஒடிசா, மேற்கு வங்கம், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வேலைதேடி வந்தோர் கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களையும் விரும்பி வாங்குவதால், மீன் இவ்வட்டாரத்தில் எப்போதோ ஒருநாள் சமைக்கும் உணவாக இல்லாமல் வாராந்தர உணவாக நிலைபெற்றுவிட்டது. தூத்துக்குடி, இராமேசுவரம், நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் ஐஸ் நிரப்பிய பெட்டிகளில் இரவெல்லாம் பயணம் செய்து தென்னம்பாளையம் மீன் சந்தைக்கும், அங்கிருந்து சில்லறைக் கடைகளுக்கும் வந்துசேரும் மீனோடு, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் எவை நோய் உண்டாக்கக் கூடியவை, எந்தச் சூழலில் அத்திறன் வெளிப்படுகிறது, கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊரில் அக்கிருமிகளின் சேர்க்கை எவ்வாறு மாறுகிறது என்பனவே இக்கட்டுரையின் கேள்விகள்.

ஒரு பாக்டீரியா மீனில் காணப்படுவதும் அது நோயைத் தருவதும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நோயுண்டாக்கும் திறன் என்பது ஒரு நுண்ணுயிர் மனித உடலுக்குள் புகுந்து, இரைப்பையின் அமிலத்தைக் கடந்து, குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு பெருகி, நச்சையோ வேறு கேட்டையோ விளைவிக்கும் ஆற்றல்களின் தொகுப்பு. இத்தொகுப்பு ஒரே இனத்தைச் சேர்ந்த எல்லா பாக்டீரியாக்களிடமும் இருப்பதில்லை; ஒரே மீனில் வாழும் ஒரே இனத்தின் இரு திரிபுகளில் ஒன்று தீங்கற்றதாகவும் மற்றொன்று கொடியதாகவும் இருக்கக்கூடும். அதோடு, உட்கொள்ளப்படும் கிருமிகளின் எண்ணிக்கையும் உண்பவரின் உடல்நிலையும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, மீனில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது என்று மட்டும் சொல்லும் ஆய்வறிக்கை முடிவடையாத அறிக்கையே ஆகும். எந்தத் திரிபு, எத்தனை, எந்த மரபணுவோடு என்ற மூன்றையும் சொல்லும்போதுதான் அது பயனுடையதாகிறது.

கடலையே இயற்கையான வாழிடமாகக் கொண்ட கிருமிகளில் முதலிடம் பெறுவது விப்ரியோ என்னும் பேரினம். காற்புள்ளி போல் வளைந்த, ஒற்றைச் சவுக்கிழையால் நீந்தும் இப்பாக்டீரியாக்களுள் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்பது கடல் உணவால் வரும் வயிற்றுப்போக்கிற்கு உலகெங்கும் முதன்மைக் காரணமாக உள்ளது. 1950-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் பாதி உலர்த்திய சிறுமீன் குஞ்சுகளை உண்ட 272 பேர் நோயுற்று 20 பேர் உயிரிழந்தபோது, சுனெசாபுரோ புஜினோ என்னும் அறிவியலர் இக்கிருமியை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். பின்னர் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு புதிரை எதிர்கொண்டனர்: கடலிலும் மீனிலும் இக்கிருமி ஏராளமாகக் கிடைத்தது, ஆனால் உண்டவர்களில் மிகச் சிலரே நோயுற்றனர். மனித இரத்தம் கலந்த ஒரு சிறப்பு வளர்ப்பூடகத்தில் வளர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த திரிபுகளில் 96 விழுக்காடு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்தன; மீனிலிருந்தும் கடல்நீரிலிருந்தும் எடுத்தவற்றில் ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே அவ்வாறு செய்தன. கனகாவா விளைவு என்று பெயர்பெற்ற இவ்வேறுபாட்டிற்குக் காரணம், டி.டி.ஹெச் என்று சுருக்கமாக வழங்கப்படும், வெப்பத்தைத் தாங்கும் ஓர் இரத்தச்சிதைவு நச்சு. அதற்கு உறவான டி.ஆர்.ஹெச் என்ற நச்சும் பிற்காலத்தில் அறியப்பட்டது. இவையன்றி, குடல் உயிரணுவைத் துளைத்துத் தன் புரதங்களை நேரடியாக உள்ளே செலுத்தும் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்ற கருவியும் நோய்தரும் திரிபுகளிடம் இருப்பது 2003-இல் இக்கிருமியின் மரபணுத்தொகை முழுமையாகப் படிக்கப்பட்டபோது தெரியவந்தது.

இந்தியாவைப் பொறுத்தவரை இக்கிருமியின் வரலாற்றில் 1996-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டு பிப்ரவரியில் கொல்கத்தாவின் தொற்றுநோய் மருத்துவமனையில் வயிற்றுப்போக்குடன் சேர்க்கப்பட்டோரிடம் ஓ3:கே6 என்னும் வகை திடீரெனத் தலைகாட்டி, ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் அங்குப் பிரித்தெடுக்கப்பட்ட பாராஹீமோலிட்டிகஸ் திரிபுகளில் 50 முதல் 80 விழுக்காடு வரை இடம்பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அமெரிக்கா, சிலி என்று பரவி, இவ்வினத்தின் முதல் உலகப் பெருந்தொற்று எனப் பதிவாகியது. மேற்குக் கரையில் மங்களூர் மீன்வளக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஆளிகள் எனப்படும் சிப்பியினங்களை ஓராண்டு முழுவதும் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவுகளும் கவனத்திற்குரியவை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் கிருமி இருந்தது, டி.டி.ஹெச் மரபணு ஏறத்தாழ 10 விழுக்காடு மாதிரிகளிலும், டி.ஆர்.ஹெச் மரபணு ஏறத்தாழ 59 விழுக்காடு மாதிரிகளிலும் கண்டறியப்பட்டன. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வெப்பமண்டலக் கடலில் நோய்தரும் திறனுடைய திரிபுகள் அரிதானவை என்று ஜப்பானிய அனுபவத்தை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது என்பது விளங்கும்.

இருப்பினும், பாராஹீமோலிட்டிகஸ் நோயைத் தர வேண்டுமானால் இலட்சக்கணக்கிலோ கோடிக்கணக்கிலோ வயிற்றுக்குள் செல்ல வேண்டும். பிடிக்கப்பட்ட மீனில் அது பொதுவாகச் சிறு எண்ணிக்கையில்தான் இருக்கும். சிறு எண்ணிக்கையைப் பெரும் எண்ணிக்கையாக மாற்றுவது வெப்பமும் நேரமுமே. உகந்த சூழலில் இக்கிருமி பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. குடலுள் வாழும் பல பாக்டீரியாக்களுக்கு இருபது நிமிடங்கள் தேவைப்படுவதோடு ஒப்பிட்டால் இதன் வேகம் புரியும். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், உயிருள்ள ஆளிகளை 26 பாகை செல்சியசில் வைத்திருந்தபோது கிருமி பத்து மணி நேரத்தில் 50 மடங்கும், ஒரு நாளில் 790 மடங்கும் பெருகியது. 26 பாகை என்பது கொங்கு வட்டாரத்தில் மிதமான வெப்பநிலையே; சித்திரை, வைகாசி மாத நண்பகலில் சாலையோரத் தட்டில் பரப்பிய மீன் அதைவிட எவ்வளவோ சூடான காற்றில் கிடக்கிறது. பத்துப் பாகைக்குக் கீழ் இப்பெருக்கம் மிகவும் மந்தமாகி, ஐந்து பாகைக்குக் கீழ் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. உருகும் ஐஸின் வெப்பநிலை சுழியம் பாகை. ஆகவே, துறைமுகத்திற்கும் அருள்புரத்திற்கும் இடையிலுள்ள கிலோமீட்டர்கள் தம்மளவில் ஆபத்தானவையல்ல. மீனும் ஐஸும் சம எடையில் அடுக்கப்பட்டு, உருகிய நீர் வடிந்து, ஐஸ் மீண்டும் மீண்டும் நிரப்பப்பட்டால், வங்காள விரிகுடாவின் மீன் உள்நாட்டு ஊருக்கும் நல்ல மீனாகவே வந்துசேரும்.

பாராஹீமோலிட்டிகஸுக்கு உப்பு இன்றியமையாதது. அது ஏறத்தாழ 3 விழுக்காடு உப்பில் செழித்து, உப்பில்லா நன்னீரில் விரைந்து அழிகிறது. குழாய்நீரில் நன்கு அலசப்படும் மீனின் மேற்பரப்பில் அதன் எண்ணிக்கை குறைவதற்கு இதுவே காரணம். ஜப்பான் 2001-இல் மீனைக் கழுவத் தூய்மையாக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும், பச்சையாக உண்ணும் மீனைப் பத்துப் பாகைக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்தது. அதன் பின்னர் அந்நாட்டில் இந்நோயின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. கடலோரத்தில் பிடிபட்ட மீனைத் துறைமுகப் படுகையின் அழுக்குக் கடல்நீரிலேயே அலசும் பழக்கம் நம் கரைகளில் முழுமையாக ஒழிய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

விப்ரியோ பேரினத்தின் மிகப் பழைய பகை, வாந்திபேதி எனப்படும் காலராவைத் தரும் விப்ரியோ காலரே. 1884-இல் கொல்கத்தாவில் இராபர்ட் காக் இக்கிருமியே நோய்க்குக் காரணம் என்று உறுதிப்படுத்தினார். 1959-இல் அதே நகரில் சம்புநாத் தே, முயலின் குடலில் செய்த சோதனைகளால் உயிரைக் குடிப்பது கிருமி வெளியிடும் நச்சே என்று நிறுவினார். அந்நச்சின் மரபணு கிருமிக்குச் சொந்தமானதன்று. பாக்டீரியாவைத் தாக்கி அதனுள் குடியேறும் ஒரு வைரஸ் அதைச் சுமந்து வருகிறது என்பதை 1996-இல் வால்டர், மெக்கலானோஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கடலிலும் ஆற்றுமுகத்திலும் வாழும் காலரே திரிபுகளுள் மிகப் பெரும்பாலானவை இந்த வைரசைப் பெறாதவை. அவை எளிய வயிற்றுப்போக்கையே தரக்கூடும். ஆனால் தீங்கற்ற திரிபு தீங்குடையதாக மாறும் வாயில் எப்போதும் திறந்தே இருக்கிறது. நோய்தரும் புதிய வகைகள் திடீரெனத் தோன்றக்கூடும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1992-இன் இறுதி மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும், அதுவரை காலராவின் பட்டியலில் இடம்பெறாத ஒரு புதிய வகை பெரும் நோய்த்தாக்கமாக வெடித்தது. ஓ139 என்று எண்ணிடப்பட்ட அவ்வகை சில மாதங்களில் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது; பழைய ஓ1 வகைக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் அதற்கு ஆளாயினர். சென்னையில் பிரித்தெடுக்கப்பட்ட எம்.ஓ.10 என்னும் திரிபு இன்றும் உலக ஆய்வகங்களில் ஒரு மேற்கோள் திரிபாக உள்ளது.

காலரே கிருமிக்கும் கடல் உணவுக்கும் உள்ள உறவின் உயிர்நாடி கைட்டின் என்னும் பொருள். இறால், நண்டு ஆகியவற்றின் ஓடும், கோப்பிபாடு எனப்படும் நுண்ணிய மிதவை உயிரிகளின் மேலோடும் கைட்டினால் ஆனவை. விப்ரியோக்கள் அவ்வோட்டின்மேல் ஒட்டிக்கொண்டு அதையே உணவாக்கிப் பெருகுகின்றன. அதைவிடக் கவலைக்குரியது 2005-இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு: கைட்டின்மேல் வளரும் காலரே கிருமி, சுற்றியுள்ள நீரில் மிதக்கும் பிற பாக்டீரியாக்களின் மரபணுத் துண்டுகளை உறிஞ்சித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் நிலையை அடைகிறது. அதாவது, இறாலின் ஓடு கிருமிக்கு உறைவிடமாக மட்டுமின்றி, புதிய ஆற்றல்களைப் பெறும் இடமாகவும் அமைகிறது. உரித்த இறால் ஓடுகளைச் சாக்கடையிலோ திறந்த வெளியிலோ கொட்டுவது துர்நாற்றப் பிரச்சினை மட்டுமல்ல என்பதை இது உணர்த்துகிறது.

அமெரிக்க நுண்ணுயிரியலர் ரீட்டா கோல்வெல் தலைமையிலான குழு இவ்வுறவையே நோய்த்தடுப்புக்குப் பயன்படுத்தியது. வங்கதேசத்தின் 65 சிற்றூர்களில், நான்காக மடித்த பழைய பருத்திப் புடவையால் குடிநீரை வடிகட்டச் செய்ததில், கோப்பிபாடுகளோடு ஒட்டியிருந்த கிருமிகளும் தடுக்கப்பட்டு, காலரா 48 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் அக்குழு அறிவித்தது. துணியே வாழ்வாக உள்ள அருள்புரம் போன்ற ஊரில் இதை வாசிப்போர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்: ஆய்வில் பயன்பட்டது நெய்த துணி. கண்ணிகளால் ஆன பின்னல் துணி இழுக்கும்போது விரிவதால், பனியன் துணிக்கும் அதே வடிகட்டும் திறன் உண்டென்று கொள்ளலாகாது. கொதிக்க வைக்கவும் குளோரின் சேர்க்கவும் வழியற்ற இடத்தில்தான் துணி வடிகட்டல் கைகொடுக்கும். வழியுள்ள இடத்தில் அவற்றிற்கு மாற்று இல்லை. காரைக்காலில் 2022 ஜூலைத் தொடக்கத்தில் காலரா பரவி, பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டதை நினைவுகூர்ந்தால், இந்நோயைப் பழங்கதையாக எண்ணுவதற்கு இடமில்லை என்பது தெளிவாகும்.

மூன்றாவது விப்ரியோவான வல்னிபிகஸ், எண்ணிக்கையில் அரிதானதாயினும் கொடுமையில் முதன்மையானது. கல்லீரல் பழுதுற்றோரும், உடலில் இரும்புச்சத்து மிகையாகச் சேர்ந்தோரும் இதைப் பச்சை ஆளியோடு உட்கொண்டால் இரத்தம் நஞ்சாகிப் பாதிப்பேர் வரை உயிரிழக்கின்றனர். உப்புநீரோ மீனின் முள்ளோ பட்ட காயம் வழியாகவும் இது நுழையும். தமிழர் ஆளியைப் பச்சையாக உண்பதில்லை என்பதால் உணவுவழி ஆபத்து நமக்குக் குறைவு. மீன் வெட்டும் தொழிலாளரின் கைக்காயமே இங்குக் கவனிக்க வேண்டியது.

இதுவரை சொன்னவை கடலின் குடிகள். இனி வருபவை நிலத்திலிருந்து மீனின்மேல் ஏறிக்கொள்பவை. கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊருக்கு இவையே கூடுதல் முக்கியத்துவம் உடையவை. சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் மனிதர், விலங்குகள் ஆகியோரின் குடலிலும், ஷிகெல்லா பெரும்பாலும் மனிதரின் குடலிலும் வாழ்பவை. தூய கடலின் மீனில் அவற்றுக்கு இயல்பான இடமில்லை. கொச்சியில் 1957-இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்நகர மீன் சந்தைகளில் சால்மோனெல்லாவை மீண்டும் மீண்டும் கண்டெடுத்துள்ளனர். அவற்றுள் வெல்டெவ்ரெடன் என்னும் வகை மேலோங்கியிருந்தது. அழுக்குநீரில் செய்த ஐஸ், கழுவாத பெட்டி, தரையில் இழுக்கப்படும் ஐஸ் பாளம், ஏலக்கூடத்தின் சேறு, வெட்டுபவரின் கை ஆகியவையே இக்கிருமிகளின் வழிகள். இங்கே ஒரு முரண் தோன்றுகிறது: பாராஹீமோலிட்டிகஸைக் கட்டுப்படுத்தும் அதே ஐஸும் நன்னீரும், தூய்மையற்றவையாக இருந்தால், சால்மோனெல்லாவை மீனுக்குக் கொண்டுசேர்க்கின்றன. கடற்கரையிலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடலின் கிருமி குறையக்கூடும். நிலத்தின் கிருமி கூடவே செய்யும். எனவே அருள்புரத்தில் விற்கும் மீனின் நோய்தரும் திறனை அளக்க விரும்புவோர், மீனை ஆராயும் முன் ஐஸை ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமிக்கு மனித உடலே வீடு. ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் அது தங்கியுள்ளது. வேகவைத்த மீனையோ இறாலையோ வெறுங்கையால் தொட்டு, அறை வெப்பநிலையில் சில மணி நேரம் வைத்திருந்தால், அது பெருகி ஒரு நச்சை வெளியிடுகிறது. கிருமி சூட்டில் இறந்தாலும் நச்சு கொதிநீரிலும் அழிவதில்லை; உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்திற்குள் கடும் வாந்தி தொடங்கும். பிற கிருமிகள் தாங்காத உப்பையும் இது தாங்குவதால், அரைகுறையாக உப்பிட்டு அரைகுறையாக உலர்த்திய கருவாட்டில் இதற்குப் போட்டியே இருப்பதில்லை.

வெப்பத்தால் அழியாத மற்றொரு நச்சு ஹிஸ்டமின். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகிய கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள், மீன் குளிர்ச்சியை இழந்த சில மணி நேரங்களில், அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. உண்டவுடன் முகம் சிவத்தல், உடல் தடித்தல், தலைவலி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்ற, அதை மீன் ஒவ்வாமை என்று பலர் எண்ணி அம்மீனையே வாழ்நாள் முழுதும் விலக்குகின்றனர். உண்மையில் குற்றம் மீனுடையதன்று, அதைக் காக்கத் தவறிய ஐஸுடையது. பன்னாட்டு உணவுத்தர ஆணையமும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமினை மேல்வரம்பாகக் கொண்டுள்ளன. எளியோரின் மீனான மத்தியே இவ்வாபத்தை மிகுதியாகச் சுமப்பதால், விலை மலிந்த மீனுக்கு ஐஸ் செலவிடத் தயங்கும் வணிக வழக்கத்தை மாற்றுவது ஏழைத் தொழிலாளரின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய செயலாகும்.

அமராவதி, பவானிசாகர், மேட்டூர் ஆகிய அணைகளின் நன்னீர் மீன்களில் விப்ரியோவின் இடத்தை ஏரோமோனாஸ் என்னும் உறவினம் பிடிக்கிறது. குளிர்பதனப் பெட்டியிலும் வளரக்கூடிய திரிபுகளைக் கொண்ட இதனிடம் இரத்தச்சிதைவு நச்சுகளும் குடல் நச்சுகளும் உண்டு. ஆனால் நச்சு மரபணு இருப்பதாலேயே நோய் வந்துவிடும் என்ற முடிவுக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை: 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், தாமாக முன்வந்த 57 பேருக்கு மிகப் பெரும் அளவுகளில் இக்கிருமி கொடுக்கப்பட்டும், இருவருக்கு மட்டுமே வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. ஆய்வகத் தட்டில் தெரியும் நச்சுத்திறனுக்கும் மனிதக் குடலில் வெளிப்படும் நோய்க்கும் இடையே அறிவியல் இன்னும் கடக்க வேண்டிய இடைவெளி ஒன்று உண்டு.

நீரைப் பற்றிப் பேசாமல் இவ்வட்டாரத்தில் மீனைப் பற்றிப் பேச முடியாது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல், சாயப்பட்டறைக் கழிவால் பல்லாண்டுகள் உப்பேறிக் கிடந்தது. 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்குப் பதிலாகக் கழிவுநீரைத் தேக்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதற்குப் பின்னரே, கழிவைச் சற்றும் வெளியேற்றாத பூச்சிய வெளியேற்ற முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அருள்புரத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. சாயக்கழிவின் கேட்டைப் பேசுவோர் அதன் நிறத்தையும் வேதிப்பொருளையும் எண்ணுகின்றனர். நுண்ணுயிரியலின் பார்வையில் அதன் உப்பும் காரத்தன்மையும் தனிக்கவனம் பெறுகின்றன. விப்ரியோ காலரே சற்றே உப்பான, சற்றே காரமான நீரை விரும்பும் கிருமி. ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுக்கப் பயன்படும் ஊடகமே உப்பிட்ட காரநீர்தான். கடலில்லாத ஊரில் உப்பேறிய கிணற்றுநீரும் தேங்கிய ஆற்றுநீரும், மீன் கழிவும் மனிதக் கழிவும் வந்து சேரும் நிலையில், இக்கிருமி பிழைத்திருக்க ஏற்ற இடமாகக்கூடும் என்பது வலுவான ஐயம். பவானி அருகே காவிரியிலிருந்து குழாய்வழி வரும் நீர் திருப்பூருக்குக் கிடைத்தாலும், அது வராத நாள்களில் லாரித் தண்ணீரும் ஆழ்குழாய்க் கிணறுமே துணை. அந்நீரில் மீன் கழுவுவதும் ஐஸ் செய்வதும் நடக்குமானால், குடிநீருக்கான இந்தியத் தரம் கோருவதுபோல் 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலைகூட இல்லை என்பது உறுதிசெய்யப்பட வேண்டும்.

நோய்தரும் திறனோடு மருந்தை எதிர்க்கும் திறனும் சேரும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது. சென்னையின் எம்.ஓ.10 திரிபில்தான் எஸ்.எக்ஸ்.டி என்னும் இடம்பெயரும் மரபணுத் தொகுதி முதலில் விவரிக்கப்பட்டது. நான்கு வகை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் அத்தொகுதி, ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. இறால் பண்ணைகளில் தடைசெய்யப்பட்ட மருந்துகளைத் தடுக்க, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் 2005 முதல் செயல்படுகிறது. ஏற்றுமதியாகும் இறால் வெளிநாட்டுச் சோதனைகளுக்கு அஞ்சிக் கண்காணிக்கப்படுகிறது. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் இறாலுக்கும் அதே கண்டிப்பு இருப்பதே நியாயம்.

சோதனை முறைகளிலும் மாற்றம் தேவை. டி.சி.பி.எஸ் எனப்படும் வளர்ப்பூடகத்தில் காலரே மஞ்சளாகவும் பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவும் வளர்வதைக் கொண்டு இனத்தைக் கணிக்கும் பழைய முறை இன்றும் பயனுடையதே. ஆனால் அது திரிபின் தன்மையைச் சொல்லாது. மரபணுவைப் பன்மடங்காக்கிக் கண்டறியும் பி.சி.ஆர் சோதனையே டி.டி.ஹெச், டி.ஆர்.ஹெச், காலரா நச்சு ஆகியவற்றைக் காட்டும். குளிரால் தாக்குண்ட விப்ரியோக்கள் உயிரோடிருந்தும் ஊடகத்தில் வளராத உறக்க நிலைக்குச் செல்வதால், வளர்ப்புச் சோதனையில் கிடைக்கும் 'இல்லை' என்ற விடை எப்போதும் இன்மையைக் குறிப்பதில்லை. இந்தியத் தரநெறிகள் 25 கிராம் மீனில் சால்மோனெல்லாவும், ஓ1, ஓ139 வகைக் காலராக் கிருமிகளும் இருக்கக் கூடாது என்கின்றன. 2018-இல் சென்னைச் சந்தை மீன்களில் பார்மலின் கண்டறியப்பட்டபோது எழுந்த பரபரப்பு, மாநிலமெங்கும் மீன் சோதனையை வேதிப்பொருளின் பக்கம் திருப்பியது. அது தேவையான அக்கறையே. ஆனால் ஐஸின் குறையை மறைக்கவே பார்மலின் வருகிறது. ஐஸ் சரியானால் இரு கேடுகளும் ஒருங்கே குறையும்.

வீட்டுச் சமையலில் நமது மரபு பெரும் பாதுகாப்பைத் தந்துள்ளது. கொதிக்கும் புளிக்குழம்பில் எந்த விப்ரியோவும் பிழைக்காது. 60 பாகையில் சில நிமிடங்களே அதற்குப் போதும். ஆபத்து குழம்பில் இல்லாமல், மீன் வெட்டிய அரிவாள்மணையிலேயே வெங்காயம் நறுக்குவதிலும், மீன் கழுவிய கையோடு தண்ணீர் மொள்வதிலும் இருக்கிறது. பத்துப்பேர் ஒரே அறையில் தங்கிச் சமைக்கும் விடுதியில் தனிப்பலகையும் தனிக்கத்தியும் எளிதில் அமைவதில்லை. ஞாயிறன்று காலையில் சமைத்த மீனை இரவு வரை வெளியே வைத்து உண்பதும் அங்கு வழக்கம். குளிர்பதனப் பெட்டி இல்லாத விடுதிக்கு அறிவுரை மட்டும் கூறிப் பயனில்லை; தொழிலாளரைத் தங்கவைக்கும் நிறுவனங்கள் குளிர்பதனப் பெட்டியையும் ஓடும் குழாய்நீரையும் அமைத்துத் தருவது அவற்றின் கடமை. வயிற்றுப்போக்கு கண்டவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குவதும், கல்லீரல் நோயுள்ளவரைக் காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் உயிர் காக்கும்.

உண்பதற்கும் மீன் காப்பதற்கும் உரிய ஐஸைத் தூய குடிநீரில் மட்டுமே தயாரிக்க வேண்டும். மற்றப் பயன்பாட்டு ஐஸைப் பிரித்தறிய நீலநிறம் சேர்க்கும் நெறி 2018 முதல் பேசப்பட்டு வருகிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை, திருப்பூர் பல்லடம் வட்டாரத்தின் ஐஸ் ஆலைகளிலும் மீன் கடைகளிலும் மாதந்தோறும் ஐஸையும் கழுவுநீரையும் எடுத்து, கோயம்புத்தூரிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வகத்திற்கு அனுப்பி, முடிவுகளைத் தமிழில் கடை வாசலிலேயே ஒட்டச் செய்ய வேண்டும். ஊராட்சி, அந்நீருக்குக் குளோரின் சேர்க்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். மீன் வாங்குவோரும் விலையைக் கேட்கும் முன் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்க வேண்டும்.